டி மோய்னுக்குக் குடிபோகிறவர்களுக்கு: முதல் ஒரு வருடத்துக்கான முழு வழிகாட்டி

முதலில் ஊர்ப் பெயர். டி மோய்ன். ஆங்கில எழுத்தில் இரண்டு இடத்தில் எஸ் வரும், இரண்டையுமே உச்சரிக்கக் கூடாது. அயோவா மாநிலத்தின் தலைநகர். 2020 கணக்கெடுப்பில் 2,14,133 பேர், சுற்றியுள்ள புறநகர்களையும் சேர்த்தால் ஏழு லட்சத்தை ஒட்டி வரும். அமெரிக்கக் கணக்கில் நடுத்தர ஊர். நாங்கள் நியூ ஜெர்சியில் எடிசனில் நாலு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தோம். அங்கே நடக்கிற தூரத்தில் தோசை கிடைக்கும், ரயில் ஏறினால் நியூயார்க். இங்கே முதல் குளிர்காலம் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, இரண்டாவது அப்படி இல்லை. குளிர் என்னவோ அதே குளிர்தான். முதல் வருடம் செய்யாமல் விட்ட வேலைகளை இரண்டாம் வருடம் அக்டோபருக்குள் முடித்திருந்தோம், கூப்பிட்டால் வருகிற நாலு வீடுகளும் பழகியிருந்தன. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கணக்கில்தான் போகும்: எதையெல்லாம் நவம்பருக்கு முன்னால் முடிக்க வேண்டும்.

படி 1: வந்து சேரும் மாதத்தைக் கேட்டு வாங்குங்கள்

இங்கே வருகிற நம் ஆட்களில் பெரும்பாலானோர் இன்சூரன்ஸ், வங்கி, ஐடி வேலைக்குத்தான் வருகிறார்கள். பிரின்சிபல் நிறுவனம் 1879இல் இதே ஊரில் தொடங்கியது, இன்சூரன்ஸ்தான் ஊரின் பழைய தொழில். விதை ஆராய்ச்சிக்காக ஜான்ஸ்டன் என்ற புறநகர்ப் பக்கம் வருகிறவர்களும் உண்டு. எந்த வேலையாக இருந்தாலும் சேரும் தேதியைப் பற்றி ஒரு தடவை பேசிப் பாருங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை எப்போது வந்தாலும் நல்லது. குழந்தைகள் இருந்தால் ஜூலைக் கடைசியில் வந்துவிடுங்கள், ஏனென்றால் ஆகஸ்ட் 23க்கு முன் பள்ளி திறக்கக் கூடாது என்று இங்கே மாநில விதி, அந்த மூன்று நான்கு வாரத்தில் வீடு, தடுப்பூசிச் சான்றிதழ், பள்ளிச் சேர்க்கை எல்லாம் நிதானமாக முடிந்துவிடும். ஜனவரியில் மட்டும் வராதீர்கள். மாலை ஐந்து மணிக்கே இருட்டு, தெருவில் ஒரு முகம் தென்படாது, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியவே ஏப்ரல் ஆகிவிடும்.

இன்னொன்றையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்கு இங்கிருந்து நேர் விமானம் கிடையாது, சிகாகோ, டல்லஸ் மாதிரி ஓர் ஊரில் இறங்கி மாற வேண்டும். ரயில் ஊருக்குள்ளேயே வராது, தெற்கே 45 மைல் தள்ளி ஆசியோலா என்ற சின்ன ஊரில்தான் நிற்கும். டார்ட் என்ற பஸ் ஓடுகிறது, ஆனால் புறநகரில் குடியிருந்துகொண்டு அதை மட்டும் நம்ப முடியாது. வீட்டில் இரண்டு பேரும் வெளியே போகிறவர்கள் என்றால் இரண்டு கார் தேவைப்படும். வாடகை மிச்சமாகிறது என்று சந்தோஷப்படுவதற்கு முன் இதையும் கூட்டிப் பாருங்கள். அப்படிக் கூட்டினாலும் எங்களுக்கு மிச்சம்தான் வந்தது.

படி 2: வீடு

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். மேற்கே வெஸ்ட் டி மோய்ன், வாக்கீ, வடமேற்கே அர்பன்டேல், ஜான்ஸ்டன், வடக்கே ஆங்கனி. நம் ஆட்கள் அதிகம் இருப்பது மேற்குப் பக்கம். இன்டர்ஸ்டேட் 235 ஊருக்கு நடுவே போகிறது, வாக்கீயிலிருந்து டவுன்டவுனுக்குக் காலை நேரத்திலேயே அரை மணிக்குள் போய்விடலாம். எடிசனில் இருந்து வந்த எனக்கு இதை நம்பவே ஒரு மாதம் ஆனது.

கவனிக்க வேண்டியவற்றை எனக்கு முக்கியமாகப் படுகிற வரிசையிலேயே சொல்கிறேன்.

கராஜ். மாதம் கொஞ்சம் கூடப் போனாலும் கராஜ் இருக்கும் வீடாகப் பாருங்கள். நாங்கள் முதலில் எடுத்த அபார்ட்மென்ட்டில் வெட்டவெளிப் பார்க்கிங். காலையில் ஆறரை மணிக்கு இருட்டில் வெளியே வந்தால் கண்ணாடி முழுக்கப் பனிக்கட்டி, கட்டை விரல் நகம் அளவுக்குத் தடிமன். ஸ்கிரேப்பரால் சுரண்டினால் முதலில் வெறும் கோடுதான் விழும், வண்டியை ஸ்டார்ட் செய்து ஹீட்டர் கண்ணாடியைச் சூடாக்கிய பிறகுதான் ஓரத்திலிருந்து ஓடு மாதிரிப் பெயர்ந்து வரும். கையுறைக்குள் விரல் நுனி மரத்துப் போய்விடும். ஒரு வேலை நாளுக்குப் பதினைந்து நிமிடம் இதற்கே போகும். கராஜுக்காகக் கொடுக்கும் பணம் அத்தனையும் அந்தப் பதினைந்து நிமிடத்துக்குத்தான்.

பள்ளி மாவட்டம். ஒரே ஊர்ப் பெயரில் முகவரி இருக்கும், பள்ளி வேறு மாவட்டத்தில் வரும். வெஸ்ட் டி மோய்ன் முகவரியோடு வாக்கீ பள்ளிக்குப் போகும் வீடுகள் நிறைய உண்டு. வீட்டுக்காரர் சொல்வதை வைத்து முடிவெடுக்காமல் அந்தந்தப் பள்ளி மாவட்டத்தின் எல்லை வரைபடத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள்.

ரேடான். இது நம் ஊரில் நாம் கேள்விப்படாத விஷயம். மண்ணிலிருந்து கசிந்து பேஸ்மென்ட் (தரைக்குக் கீழே உள்ள தளம்) வழியாக வீட்டுக்குள் வரும் கதிரியக்க வாயு, நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, நுரையீரல் புற்றுநோய்க்கு ஒரு காரணம். அயோவாவின் 99 கவுன்டிகளும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அதிக ரேடான் உள்ள பகுதி என்றுதான் வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. வீடு வாங்கினால் கட்டாயம் சோதித்துப் பாருங்கள், ஒரு லிட்டர் காற்றுக்கு 4 பிக்கோகியூரியோ (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அதற்கு மேலோ காட்டினால் குழாயும் விசிறியும் வைத்து வெளியேற்ற வேண்டும். வாடகைக்குக் கீழ்த்தள வீடு எடுத்தாலும் சோதனை கிட்டை நீங்களே வாங்கி வையுங்கள். விலை குறைவுதான்.

தண்ணீர். ஊருக்குக் குடிநீர் ரக்கூன், டி மோய்ன் ஆறுகளிலிருந்து வருகிறது. சுற்றிலும் சோளமும் சோயாவும் விளையும் நிலம், உரத்தின் நைட்ரேட் மழையோடு ஆற்றில் கலக்கும். அதைப் பிரித்தெடுக்கத் தனி ஆலையே இருக்கிறது. 2025 ஜூனில் நைட்ரேட் அளவு ஏறியபோது குழாயில் வரும் தண்ணீர் லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்பதற்காகப் புல்வெளிக்குத் தண்ணீர் விடுவதையே தடை செய்தார்கள். கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்குகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, செறிவு கூடத்தான் செய்யும். எச்சரிக்கை வரும் நாட்களில் குழந்தைக்கு மட்டும் பாட்டில் தண்ணீர் வாங்கிவிடுங்கள்.

டெபாசிட். அயோவா சட்டப்படி இரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது. நீங்கள் காலி செய்து, புதிய முகவரியையும் கொடுத்த 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், பிடித்தால் எதற்காகப் பிடித்தோம் என்று எழுதித் தர வேண்டும். புதிய முகவரியை எழுத்தில் கொடுங்கள். நாங்கள் வாயால் சொல்லிவிட்டு வந்தோம், அந்தப் பணம் வருவதற்குள் எத்தனை தடவை அலைந்தோம் என்று எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

படி 3: காகித வேலைகள்

இது எளிது. வேறு மாநிலத்து உரிமத்தோடு வந்தால் 30 நாளுக்குள் அயோவா உரிமமாக மாற்ற வேண்டும், வண்டிப் பதிவுக்கும் அதே கெடு. டி மோய்னில் உரிமம் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில், நம்பர் பிளேட் கவுன்டி பொருளாளர் அலுவலகத்தில், இரண்டும் வேறு வேறு இடம். டி மோய்ன் போல்க் கவுன்டி, வாக்கீ பெரும்பாலும் டல்லஸ் கவுன்டி, அதைப் பார்த்துப் போங்கள். இந்திய உரிமம் மட்டும் வைத்திருப்பவர்கள் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் கொடுக்க வேண்டும். எழுத்தில் 35 கேள்வி, 28 சரியாக இருந்தால் தேர்ச்சி. ஓட்டுத் தேர்வைப் பனி விழுவதற்கு முன் முடித்துவிடுங்கள். நியூ ஜெர்சியில் இருந்ததுபோல் வண்டிக்குப் புகைச் சோதனை இங்கே கிடையாது. மாநில வருமான வரி 2025 முதல் எல்லோருக்கும் 3.8 சதவீதம், டி மோய்னில் விற்பனை வரி 7 சதவீதம், அரிசி பருப்பு மாதிரி சமைக்காத உணவுப் பொருளுக்கு அது இல்லை.

படி 4: நவம்பருக்கு முன் ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள்

குளிருக்கான உடுப்பைச் சென்னையில் வாங்கி வராதீர்கள். தி.நகரில் கிடைக்கும் ஜாக்கெட் இங்கே அக்டோபருக்குத்தான் ஆகும். ஜனவரியில் பூஜ்யம் டிகிரி ஃபாரன்ஹீட் சாதாரணம், அது மைனஸ் 18 செல்சியஸ். சில வருடம் மைனஸ் 20 ஃபாரன்ஹீட் வரைக்கும் இறங்கும், காற்று வேறு. இங்கே வந்து செப்டம்பரில் வாங்குங்கள்: தொடை வரை மூடும், தொப்பி வைத்த கோட் ஒன்று, தண்ணீர் புகாத பூட்ஸ், கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு அளவு பார்த்து, உள்ளே போட தெர்மல் இரண்டு ஜோடி. விரல் பிரிந்த கையுறையைவிட விரல் எல்லாம் ஒன்றாக இருக்கும் மிட்டன்தான் சூடு பிடிக்கும், குழந்தைகளுக்கு அதையே இரண்டு ஜோடி வாங்குங்கள், ஒன்று நிச்சயம் பள்ளியில் தொலையும். கடும் குளிர் இல்லாத நாட்களில் பள்ளியில் இடைவேளைக்குப் பிள்ளைகளை வெளியேதான் விடுவார்கள். அதனால் ஸ்னோ பேன்ட்டும் பையில் இருக்க வேண்டும்.

வண்டிக்கு: பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள், மூன்று நான்கு வருடப் பேட்டரி குளிர் வந்த முதல் வாரத்திலேயே கை விரித்துவிடும். கண்ணாடி கழுவும் திரவத்தைக் குளிர்கால வகைக்கு மாற்றுங்கள், கோடை வகை குழாயிலேயே உறைந்துவிடும். பத்து டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கினால் டயரில் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ காற்று குறையும், விளக்கு எரிந்தால் பயப்பட வேண்டாம், காற்று அடித்தால் போதும். பின்னால் டிக்கியில் ஒரு கம்பளி, சின்ன மண்வாரி, டார்ச், ஒரு பை மணல். பெட்ரோல் பாதிக்குக் கீழே போக விடாதீர்கள். உறைந்த கண்ணாடியில் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விட்டுவிடும்.

வீட்டுக்கு: ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) ஃபில்டரை மாற்றுங்கள், அறைக் காற்றை ஈரமாக்கும் ஹ்யூமிடிஃபையர் ஒன்று வாங்குங்கள், இல்லாவிட்டால் மூக்கு காய்ந்து ரத்தம் வரும், குழந்தைகளுக்கு முக்கியமாக. டிசம்பரில் இந்தியா போவதாக இருந்தால் ஹீட்டரை அணைத்துவிட்டுப் போகவே கூடாது. 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே வைக்காதீர்கள், தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தால் திரும்பி வரும்போது தரை முழுக்க வெள்ளம். சொந்த வீடாக இருந்தால் தெருவோர நடைபாதையில் பனி அள்ளுவது உங்கள் பொறுப்பு, நகராட்சி அதற்குக் கெடு வைத்திருக்கிறது. பனிக்கால அவசரநிலை அறிவித்தால் தெருவில் வண்டி நிறுத்தக் கூடாது, இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

படி 5: பனியில் ஓட்டப் பழகுங்கள்

முதல் பனி விழுந்த அடுத்த ஞாயிறு காலை காலியான பார்க்கிங் ஒன்றுக்குப் போய், பதினைந்து மைல் வேகத்தில் பிரேக் போட்டுப் பாருங்கள். வண்டி எவ்வளவு தூரம் வழுக்குகிறது, ஏபிஎஸ் காலடியில் எப்படி நடுங்குகிறது என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. டிசம்பர் இரண்டாம் வாரம் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் பிரேக்கை மிதித்தேன், வண்டி திரும்பாமல் நேராகப் போய்ப் புல்லில் இறங்கி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின் சீட்டில் மகள் "அம்மா, வண்டி நிக்கிதா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. இரண்டு நிமிடத்துக்குள் ஒரு பிக்கப் வண்டி நின்றது, முகம் தெரியாத ஒருவர் சங்கிலி எடுத்து எங்களை மேலே இழுத்துவிட்டு, பாலங்களில்தான் முதலில் உறையும், அங்கே பிரேக்கையே தொடாதே என்று சொல்லிவிட்டுப் போனார். அதையே உங்களுக்கும் சொல்கிறேன். கிளம்புவதற்கு முன் மாநிலத்தின் 511 சேவையில் சாலை நிலவரம் பாருங்கள். பயணம் வேண்டாம் என்று போட்டிருந்தால் போகாதீர்கள், அலுவலகத்தில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 6: சைரன்

ஊர் முழுக்கச் சூறாவளி சைரன் உண்டு, மாதத்தில் ஒரு நாள் சோதனைக்காக ஊதுவார்கள், முதல் தடவை தூக்கிவாரிப் போடும். "வாட்ச்" என்றால் வரலாம், "வார்னிங்" என்றால் கண்ணிலோ ரேடாரிலோ தெரிந்துவிட்டது. வார்னிங் வந்தால் ஜன்னலில் நின்று வானத்தைப் பார்க்காமல் பேஸ்மென்ட்டுக்குப் போங்கள், பேஸ்மென்ட் இல்லாவிட்டால் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத குளியலறை. செருப்பு போட்டுக்கொண்டு போங்கள், கண்ணாடித் துண்டு கிடக்கும். இரவில் போன் எச்சரிக்கையை அணைத்து வைக்காதீர்கள். 2024 மே 21ஆம் தேதி தென்மேற்கே கிரீன்ஃபீல்ட் என்ற சின்ன ஊரைச் சூறாவளி கிழித்துப் போட்டது, 2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி டெரேச்சோ என்ற நேர்க்காற்று மாநிலத்தையே குறுக்காக அடித்துக்கொண்டு போனது. பயந்துகொண்டே இருக்க வேண்டியதில்லை, எங்கே போய் உட்கார வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தால் போதும்.

படி 7: சமையலறை

இந்தியக் கடைகள் மேற்குப் பக்கத்தில் இருக்கின்றன. இட்லி அரிசி, பொன்னி, உளுந்து, நல்லெண்ணெய் எல்லாம் கிடைக்கும். காய் வரும் நாள் எது என்று கடையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அன்று மாலையே போனால்தான் முருங்கைக்காயும் நல்ல வெண்டைக்காயும். ஆனால் நான் முதலில் பார்க்கச் சொல்வது தென்கிழக்கு ஆசியக் கடைகளை. 1975இல் ராபர்ட் ரே என்ற கவர்னர் தாய் டாம் என்ற இனத்து அகதிகளைக் கூட்டமாக அயோவாவில் குடியமர்த்தினார், பின்னால் வியட்நாம், லாவோஸ், பர்மா மக்களும் வந்தார்கள். அவர்களால் இந்த ஊரில் வாழைப்பூ, கீரை, பச்சை மாங்காய், மீன் எல்லாம் கிடைக்கிறது. மே முதல் அக்டோபர் வரை சனிக்கிழமை காலையில் டவுன்டவுனில் கோர்ட் அவென்யூவில் உழவர் சந்தை, அதற்கும் போங்கள். ஆகஸ்ட் மாத ஸ்வீட் கார்னுக்கு எதுவும் ஈடில்லை, பறித்த அன்றே வேகவைத்தால் உப்புகூட வேண்டாம்.

குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்காது. ஓவனை மூட்டாமல் உள்ளே விளக்கை மட்டும் போட்டு, பாத்திரத்தை ராத்திரி முழுக்க உள்ளே வையுங்கள், காலையில் தளும்பி நிற்கும். தேங்காய் எண்ணெய் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை வெள்ளைக் கட்டிதான், வாயகன்ற ஜாடியில் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: ஆட்களைத் தேடிப் போங்கள்

எடிசனில் நம் ஆட்கள் நாம் தேடாமலேயே கண்ணில் படுவார்கள். இங்கே நாம்தான் போக வேண்டும், போனால் கதவு உடனே திறக்கும். வந்த முதல் மாதத்திலேயே, வெளியே ஆள் நடமாட்டம் இருக்கும்போதே, இரண்டு பக்கத்து வீட்டுக்கும் போய்ப் பேரைச் சொல்லிவிட்டு வாருங்கள். யார் கூப்பிட்டாலும் முதல் வருடம் மட்டும் மறுக்காமல் போங்கள், பார்பெக்யூ, பள்ளி கச்சேரி, எதிர் வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள், எதுவானாலும். சைவம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள், எங்கள் எதிர் வீட்டு அம்மா இப்போது எனக்கென்று தனியாகச் சோளமும் உருளைக்கிழங்கும் சுட்டு வைக்கிறார்.

கோவில் மேட்ரிட் என்ற சின்ன ஊரில் இருக்கிறது, வடமேற்கே முக்கால் மணி நேரப் பயணம், இரண்டு பக்கமும் சோளக்காடு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் போகாமல் வெறும் ஞாயிற்றுக்கிழமையிலும் போங்கள், கூட்டமில்லாத நாளில்தான் பேச முடியும், எங்களுக்கு இங்கே கிடைத்த நல்ல சிநேகிதங்கள் எல்லாம் அங்கே சாப்பாட்டு மேஜையில் கிடைத்தவை. திரும்பும்போது பக்கத்திலேயே ஹை டிரெசில் பாலம், பழைய ரயில் பாதையில் நடக்கவும் சைக்கிள் விடவும் போட்டது, இருட்டியதும் நீல விளக்கு எரியும். டவுன்டவுனில் ஆற்றோரம் உலக உணவுப் பரிசின் மண்டபம் இருக்கிறது, முன்பு ஊர் நூலகமாக இருந்த கட்டடம். அந்தப் பரிசை 1987இல் முதன்முதலாகப் பெற்றவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். அவர் பெயரை அங்கே வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஹாலோவீனில் இங்கே ஒரு தனி வழக்கம் உண்டு, பெக்கர்ஸ் நைட் என்பார்கள். பல பத்தாண்டுகளாக அக்டோபர் 30ஆம் தேதி இரவு நடந்துவந்தது. குழந்தைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்டால் சும்மா கொடுக்க மாட்டார்கள், குழந்தை ஒரு ஜோக்கோ விடுகதையோ சொல்ல வேண்டும். யாரும் எங்களிடம் சொல்லாததால் முதல் வீட்டு வாசலில் மகள் பேசாமல் நின்றுவிட்டாள். பிறகு பாட்டி சொல்லிக்கொடுத்ததை அவளாகவே ஆங்கிலத்தில் மாற்றிக் கேட்டாள்: "ஒரு குகை, 32 வீரர்கள், நடுவில் ஒரு நாகம், என்ன?" அந்தப் பெரியவர் நாலு தடவை தப்பாகச் சொல்லி, கடைசியில் விடை வாய் என்று தெரிந்ததும் உள்ளே போய் மனைவியைக் கூட்டி வந்து மறுபடியும் கேட்கச் சொன்னார். இப்போது வருடா வருடம் அவர் வீட்டில் புது விடுகதை எதிர்பார்க்கிறார்கள், அதனால் செப்டம்பரிலேயே என் அம்மாவுக்குப் போன் போட்டு நாலைந்து கேட்டு எழுதி வைத்துவிடுகிறோம்.